வீட்டுக்கு இறைச்சி ஸ்லைசர் வாங்கப் போகிறீர்களா?

மோட்டார் வாட்ஸை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளேடைக் கழற்ற முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அதன் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் கொழுப்பையும் துணுக்குகளையும் ஒவ்வொரு முறையும் கழுவி எடுக்காவிட்டால் கிருமி வளர அதுவே போதும். பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், 19 செ.மீ. விட்டம் வீட்டுக்குத் தாராளம். இறைச்சியைத் தள்ளும் கைப்பிடி விரலை முழுதாக மறைக்க வேண்டும், இதில் மட்டும் சமரசமே வேண்டாம். அப்புறம், துண்டின் தடிமனை மாற்றும் குமிழை ஒரு அளவில் வைத்துத் தள்ளிப் பாருங்கள், அது ஆடினால் துண்டுகள் சீராக வராது. வெட்டும் முன் இறைச்சியை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து லேசாக இறுக விடுங்கள், ஆனால் கல்லாக உறைந்ததை மட்டும் போடாதீர்கள், பிளேடும் மோட்டாரும் கெட்டுவிடும்.