கோடை மழைக்குப் பிறகு சேர்வராயன் மலையில் காட்டுப்பூ தேடுவது எப்படி?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குப் போனால் பூ தானே கண்ணில் படும் என்று கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் உண்ணிச்செடியைப் படம் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறார்கள். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஜா நிறம், கசக்கினால் நெடியடிக்கும் இலை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொண்ட செடி அது. நம் மண்ணின் பூக்களைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. நாளும் நேரமும்

ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை ஒன்றிரண்டு நன்றாகப் பெய்து ஒரு வாரம் ஆகட்டும். நிலப்பனை போன்ற கிழங்குச் செடிகள் மண் நனைந்த பிறகுதான் பூக்கும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். காட்டுத்தீ அபாயம் இருக்கும்போது மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால், வனச்சரக அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை 6 மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். விஷ்ணுகிரந்தி என்ற சின்ன நீலப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். பத்து மணிக்கு மேல் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்பதில் நியாயமில்லை.

2. கையில் என்ன?

10 மடங்கு லென்ஸ், 15 செ.மீ. ஸ்கேல், நோட்டு, பென்சில், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். லென்ஸைப் பேப்பர் படிப்பதுபோலத் தூரத்தில் பிடித்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். கண்ணை ஒட்டி வைத்துக்கொண்டு, பூவுக்கு 2.5 செ.மீ. தூரம் வரை குனியுங்கள்.

3. நடை

மணிக்கு ஒரு கிலோமீட்டர் போதும். நூறு அடிக்கு ஒருமுறை குத்துக்காலிட்டு உட்காருங்கள். விஷ்ணுகிரந்திப் பூ சுண்டுவிரல் நகம் அளவுதான்; நின்றபடி பார்த்தால் புல்லோடு புல்லாகப் போய்விடும். உட்கார்ந்தால் நீல வட்டமும், இலை முழுக்கப் பட்டுபோன்ற ரோமமும் தெரியும். நிலப்பனையின் மஞ்சள் பூ ஆறு இதழோடு மண்ணை ஒட்டியே இருக்கும். இலை பனங்கன்று மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும்.

உட்காருமுன் சுற்றிலும் பாருங்கள். இந்த மலையில் காட்டுமாடு உண்டு.

4. இலையிலிருந்து தொடங்குங்கள்

பூவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வதால்தான் பிழை வருகிறது. வெட்பாலை, குடசப்பாலை என்ற இரண்டு மரங்களும் இந்தப் பருவத்தில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டிலும் இலை எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வரும். இலையும் பாலும் இந்த இரண்டில் ஒன்று என்று சொன்ன பிறகு பூவின் நடுவைப் பாருங்கள். வெட்பாலையில் வெள்ளைக் குஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையில் குஞ்சமே கிடையாது, குறுகிய குழல்தான். காய் இருந்தால் இன்னும் சுலபம்: வெட்பாலையின் இளங்காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒட்டியபடி தொங்கும்.

சற்று உயரே மரத்தோப்புகளில் காயா என்ற மரம் பூத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கிளையை ஒட்டி நீலக் கொத்துகள். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பது ஏன் என்று அப்போது விளங்கும். தடித்த கரும்பச்சை இலை, ஒவ்வொரு பூவிலும் நான்கே இதழ். சில நாளில் கொட்டிவிடும், ஆகவே தரையையும் பாருங்கள். நீலமாகக் கிடந்தால் தலைக்கு மேலே மரம்.

5. படமும் குறிப்பும்

ஒரு செடிக்கு நான்கு படம்: முழுச்செடி, இலை தண்டில் சேரும் இடம், பூ நேராக, பூ பக்கவாட்டில். ஒன்றில் ஸ்கேல் இருக்கட்டும். பக்கவாட்டுப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இதழ்களுக்கு அடியில் இருக்கும் புல்லிவட்டம் தெரியாமல் பிறகு பெயர் சொல்வது கடினம். பூவைப் பறிக்க வேண்டாம். காயாகி விதையாக வேண்டியது அது.

குறிப்பு இந்த அளவு இருந்தால் போதும்: "காலை 7.20, பாறைச் சரிவு, வெயில் படும் இடம், பூ 7 மி.மீ., நீலம், இலை ரோமத்தோடு, மூன்று செடி."