கே.ஆர்.பி. டேமிலிருந்து சுங்கை பூலோவுக்கு: முதல் வெளிநாட்டுப் பறவைப் பயணம்

கிருஷ்ணகிரிக்காரர்களான நமக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி போய்க் கால் நனைப்பதோடு சரி. தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் கணக்குப் பண்ணி நாம் எந்த வேலையும் செய்ததில்லை. வெளிநாட்டுக் கடலோரச் சரணாலயத்துக்கு முதல்முறை போகிறவர் இடறும் இடமும் அதுதான். நானும் இடறினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: ஊரிலேயே கை பழகுங்கள்

8x42 பைனாகுலர் ஒன்று போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 16 மடங்கு என்று ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும்.

குளிர்காலத்தில் கே.ஆர்.பி. டேம் (கிருஷ்ணகிரி அணை) ஓரத்திலோ பாரூர் ஏரியிலோ நான்கைந்து காலைகள் நில்லுங்கள். தண்ணீர் விளிம்பில் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடக்கும் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையை நன்றாகப் பார்த்து வையுங்கள். நாம் போகப்போகும் சிங்கப்பூரிலும் அது வரும்.

படி 2: இடமும் மாதமும்

புதியவர்களுக்கு நான் சொல்வது சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம். நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். சைபீரியப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா வரை பறக்கும் கரைப்பறவைகள் வழியில் இறங்கும் இடம். செப்டம்பர் முதல் மார்ச் வரை போகலாம். ஜூனில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள்.

படி 3: காகித வேலை

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசா உண்டு; அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுக்கலாம். வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளோடு முடியும் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், யாராவது பணம் கேட்டால் தளம் தவறு. நமக்குப் பெங்களூரிலிருந்து பறப்பதுதான் வசதி.

படி 4: ஓத அட்டவணை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

டேமில் பழகிய புத்தி, விடிந்ததும் போனால் பறவை கிடைக்கும் என்றது. ஏழு மணிக்கு வாசல் திறக்கும்போதே நான் நின்றேன். உள்ளே குட்டைகளில் இரண்டு கொக்கு. அவ்வளவுதான். காசைக் கொட்டி வந்தது இதற்கா என்று வயிறு எரிந்தது.

நடந்தது என்னவென்றால், அப்போது கடல் வற்றியிருந்தது. வற்றினால் வெளியே சேற்றுவெளி திறக்கும். புழுவும் நண்டும் அங்கேதான், பறவைகளும் அங்கேதான், நமக்கு வெறும் புள்ளிகளாக. கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும். ஒதுங்க இடமில்லாமல் அத்தனையும் உள்ளே உள்ள குட்டைகளுக்கு வரும். அந்தக் குட்டைகள் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள். நம் ஏரிகளைப் போலவே மதகு வைத்துத்தான் இன்றும் நீர்மட்டத்தைச் சரிசெய்கிறார்கள்.

ஆகவே கிளம்பும் முன்பே அந்த நாட்களின் ஓத நேரத்தை இணையத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம். நிலா உதிப்பது தள்ளிப் போவது போலவே இதுவும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம், கூட்டமும் நெருக்கமாக வரும். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள்.

அன்று நான் பிடிவாதமாகக் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு மேல் ஒரு கீச்சொலி, பின்னால் சாம்பல் துணியை உதறியது போல ஒரு கூட்டம் இறங்கியது. அரை மணியில் குட்டைக் கரை நிறைந்துவிட்டது.

படி 5: போய்ச் சேர்ந்ததும்

கிராஞ்சி எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி 925 பஸ். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து கட்டாயம். குரங்குகள் உண்டு, முறுக்குப் பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. உப்புநீர் முதலைகளும் இருக்கின்றன. பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

மரத்தாலான மறைவிடத்தில் உட்கார்ந்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள், குளிர்காலத்தில் எல்லாமே பழுப்புச் சாம்பல்தான். நடையைப் பாருங்கள். நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. கட்டை அலகு, பெரிய கண்; பார்த்துத்தான் பிடிக்கும். தலை நிமிராமல் சேற்றைத் துழாவிக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளான் இனம். அதில் காலும் அலகின் அடியும் ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால் பவளக்காலி. அலகு கீழ்நோக்கி அரிவாள் போல வளைந்திருந்தால் கோட்டான். (நம் ஊரில் கோட்டான் என்றால் ஆந்தை. பறவைப் பட்டியலில் இது வேறு. வீட்டில் சொன்னபோது, ஆந்தை பார்க்கவா சிங்கப்பூர் போனாய் என்று கேட்டார்கள்.)

எண்ணிக்கையை ஈபேர்டு செயலியில் அங்கேயே பதிந்துவிடுங்கள், ராத்திரி அறைக்குப் போய் நினைவுபடுத்தினால் குழம்பும். என் பட்டியலின் முதல் வரி, வாலாட்டும் அந்த உள்ளான். மதகுக் கட்டைமேல் தனியாக ஆட்டிக்கொண்டிருந்தது.