வான்கோழி வாலை விசிறியாக்கும்போது விடுகிற பிழைகள்

நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் வான்கோழி அடிக்கிற வீடுகளில் இறைச்சி சட்டிக்குப் போகும், வால் கோடிப்புறக் குப்பைக்குப் போகும். அதை எடுத்து விரித்துச் சுவரில் மாட்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். நியாயமான ஆசைதான். வளர்ந்த சேவலின் வால் விரிந்தால் இரண்டடிக்கு மேல் அகலம் வரும். வெண்கல நிறச் சேவலென்றால் வெளிச்சம் படுகிற பக்கம் செம்பும் பச்சையுமாக மினுங்கும். ஆனால் மாட்டின வாலில் பல, மாசி பிறக்குமுன்னே நாறத் தொடங்கிவிடும், அல்லது இறகு ஒவ்வொன்றாகக் கழரும்.

காரணம் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கும்: அடியில் விட்டுவைத்த கொழுப்பு, காற்றிலுள்ள ஈரலிப்பு. யாழ்ப்பாணத்தில் இரண்டாவதன் தொல்லை பெரிது. எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து முடிகிறது. வான்கோழி அடிபடுவதும் நிலம் ஊறிக் கிடக்கிற அந்த நாள்களில்தான். குளிர் நாட்டுக்காரர் எழுதிவைத்த "இரண்டு கிழமையில் காய்ந்துவிடும்" என்ற கணக்கை இங்கே மாரியில் நம்பக்கூடாது.

சுடுதண்ணிக்குள் போகுமுன்

முதற்பிழை கத்தியை எடுக்குமுன்னே நடந்துவிடுகிறது. கோழியைச் சுடுதண்ணியில் முக்கி இறகு பிடுங்குவது வழக்கம். 60 பாகைக்குக் கிட்டவான சூடு, இறகின் அடியை இறுக்கிப் பிடித்திருக்கும் தோலை இளக்கிவிடும். முக்குவதே அதற்காகத்தான். வாலையும் சேர்த்து முக்கிவிட்டுப் பிறகு விசிறி செய்யப் பார்த்தால், விரிக்கும்போதே இறகு கையோடு வரும். ஆகவே வாலை முதலில் அறுத்து எடுத்துவிட்டு மிச்ச உடலை முக்குங்கள். இரத்தம் பட்ட இறகைப் பச்சைத் தண்ணியில் மட்டும் கழுவுங்கள். சூடு பட்டால் இரத்தம் இறகிலேயே உறைந்து கறையாகிவிடும்.

எல்லாப் பறவையும் இதற்குச் சரிவராது. வான்கோழி வாலில் பொதுவாக 18 பெரிய இறகுகள் இருக்கும். உயிரோடு நிற்கும்போதே எண்ணிப் பாருங்கள். கம்பிக் கூட்டில் வளர்ந்ததென்றால் நுனிகள் தேய்ந்தோ முறிந்தோ இருக்கும். இளம் சேவலில் நடு இறகுகள் பக்கத்து இறகுகளைவிட நீண்டு நிற்பதால் விசிறியின் விளிம்பு ஒரே வளைவாக வராது, நடுவில் மேடு தட்டும். இறகுதிர்க்கிற காலத்துப் பறவையில் புதிதாக முளைக்கும் இறகின் தண்டு கருநீலமாக, மெத்தென்று இருக்கும். உள்ளே இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அது காயும்போது சுருங்கும், நாறும், பூச்சியையும் கூப்பிடும். முற்றின தண்டு வெளிறி, கண்ணாடி போலக் கடினமாக இருக்கும். அப்படியான வாலைத்தான் எடுக்க வேண்டும்.

மயில் தோகையிலும் இதைச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: வேண்டாம். இலங்கையில் மயிலுக்கு 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவல் இருக்கிறது.

அறுக்கிற இடம்

வெளியே தெரிவது மட்டும் இறகு இல்லை. தண்டின் அடி தசைக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. இறகு முளைக்கிற இடத்தோடு ஒட்டி அறுத்தால் அந்த அடிகள் வெட்டுப்பட்டு, விசிறியைப் பிடித்து வைக்க ஒன்றும் மிஞ்சாது. பறவையை மல்லாத்தி, வாலை முதுகுப் பக்கமாக மடக்கி, மலவாசலுக்கும் வாலுக்கும் இடையே கத்தியை வைத்து, மூன்று விரல் அகலத் தசை வாலோடு வருகிற மாதிரி முதுகுப் பக்கம் சரித்து அறுங்கள். எலும்பைக் கொத்த வேண்டியதில்லை. மூட்டு அகப்படும் வரை கத்தி நுனியால் தடவினால் அது தானாக விட்டுக்கொடுக்கும். கூடுதலாக வந்த தசையைப் பிறகு சுரண்டலாம், குறைய அறுத்ததை ஒட்ட முடியாது.

அன்றைக்கே சுத்தம் செய்ய நேரமில்லையென்றால், வாலை மூடிய நிலையில் இரண்டு காட்போட் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, பொலித்தீன் பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். "நாளைக்குப் பார்ப்பம்" என்று விறாந்தையில் வைத்த வாலில் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுவிடும்.

கொழுப்பு: வேலையின் முக்கால்வாசி இதுதான்

வாலடியில், முதுகுப் பக்கத் தோலுக்குக் கீழே, இரண்டு பாதிகளாக ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வெளியே சிறு முலைக்காம்பு போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். பறவை அலகால் அதைத் தொட்டுத்தான் இறகுக்கு எண்ணெய் பூசும். இதை எடுக்காமல் விட்ட விசிறி ஒருநாளும் உருப்படாது. மாதக் கணக்காக எண்ணெய் கசிந்து நடு இறகுகளை மஞ்சளாக்கும். வெள்ளை வான்கோழியில் இது அப்பட்டமாகத் தெரியும். தோலைப் புரட்டி, உட்புறமிருந்து சுரப்பியை அதன் மஞ்சள் நிணத்தோடு முழுதாக வெட்டி எடுங்கள். குத்தி உடைத்தால் எண்ணெய் இறகெல்லாம் பரவும்.

அடுத்தது தண்டுகளுக்கு இடையிலுள்ள தசை. இங்கேதான் ஆட்கள் அலுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். வாலைக் கவிழ்த்து வைத்து, சிறிய கூரான கத்தியால் ஒவ்வொரு தண்டுக்கும் இடையே நுனியை விட்டு, தண்டின் போக்கிலேயே இழுத்துச் சுரண்ட வேண்டும். குறுக்கே வெட்டக்கூடாது. தண்டுகளைப் பக்கத்துக்குப் பக்கம் இணைக்கிற வெள்ளை நிறச் சவ்வு ஒன்று இருக்கிறது. பனையோலை விசிறியில் ஓலைகளைப் பிடித்திருக்கும் கட்டு மாதிரி அது. அறுந்தால் இறகுகள் தனித்தனியாக ஆடும். சவ்வு இருக்க வேண்டும், சிவப்பும் மஞ்சளும் போக வேண்டும். மிச்சத்தைப் பழைய பல்துலக்கியால், பிறகு சின்னக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். நடுவிலுள்ள வாலெலும்பு கிடக்கட்டும், நடு இறகுகளைத் தாங்குவது அதுதான். அதன் இரு பக்கக் குழிகளிலும் இறைச்சி இல்லாமல் சுரண்டினால் போதும். பொறுமையாகச் செய்தால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டதென்றால் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கையுறை போடுங்கள். வேலையைக் குசினி மேசையிலோ பாத்திரம் கழுவுகிற தொட்டியிலோ வைத்துச் செய்ய வேண்டாம். பச்சைக் கோழியில் இருக்கிற கிருமிகள் வான்கோழியிலும் உண்டு.

கழுவலும் காயவைப்பும்

ஒரு வாளியில் நாலு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணி, அதில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவுகிற திரவம். உடுப்புத் தோய்க்கிற தூள் வேண்டாம், இறகை வரட்டி உடையச் செய்யும். வாலை அமுக்கி, அடியிலிருந்து நுனிப் பக்கம் மட்டும் தடவிக் கழுவுங்கள். திருப்பித் தடவினால் இறகின் இழைகள் பிரிந்து கொக்கி விட்டுவிடும். தண்ணியை மாற்றி இரண்டாம் முறையும் கழுவி, பிறகு வழுவழுப்புப் போகும் வரை வெறுந்தண்ணியில் அலசுங்கள். கொழுப்பைக் கழற்ற மண்ணெண்ணெய் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் மணம் போகவே போகாது. பெற்றோல் தீப்பிடிக்கும்.

ஈரவாலைத் துவாயில் ஒற்றிவிட்டு, தலைமயிர் உலர்த்தியைச் சூடில்லாத காற்றில் வைத்து ஊதுங்கள். பெரிய இறகுகள் விரைவில் சரியாகிவிடும். ஏமாற்றுவது அடியிலுள்ள பஞ்சு மாதிரியான பகுதிதான். வெளியே காய்ந்தது போல இருக்கும், விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே திரண்டு நனைந்திருக்கும். விரலால் கிளறிக் கிளறி, அது ஒவ்வொரு இழையாகப் பொங்கி எழும் வரை ஊத வேண்டும்.

"வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயுமே" என்பது கருவாட்டுக்குச் சரி. கருவாட்டை உள்வரை உப்பு ஊறின பிறகுதான் வெயிலில் போடுகிறோம். வாலடியின் வெளித்தோல் வெயிலில் சட்டென்று இறுகி, உள்ளீரத்தைப் பூட்டிவிடும். மிச்சக் கொழுப்பு உருகி இறகில் ஏறும். பழுப்பு நிறம் வெளிறும். காகம் வேறு.

உப்பா, வெண்காரமா?

ஊரில் அதிகம் நடக்கிற பிழை இதுதான். இறைச்சியைக் காக்க உப்பு என்று கைக்குப் பழகிவிட்டது, ஆனையிறவு உப்பும் பக்கத்திலேயே கிடைக்கிறது. உப்பு முதலில் ஈரத்தை இழுத்து எடுக்கும், அது உண்மை. ஆனால் தோலில் தங்கின உப்பு மாரி வந்ததும் காற்றிலுள்ள ஈரலிப்பையும் இழுக்கும். மழை நாளில் உப்புச் சாடிக்குள் தண்ணி விடுகிறதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை சுவரில் மாட்டின விசிறிக்குள்ளும் நடக்கும். அடி வேர்க்கும், சுவரில் ஒழுக்குக் கோடு விழும், பூஞ்சணம் பிடிக்கும்.

வெண்காரத் தூள் (போராக்ஸ்) இந்த வேலைக்குச் சரி. சரக்குக் கடையில் கட்டியாகக் கிடைத்தால் இடித்து அரித்து எடுங்கள். ஒரு வாலுக்கு 100 தொடக்கம் 150 கிராம் போதும். சுரண்டின அடிப்பக்கம் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே தூளை அழுத்தித் தேய்த்து, ஒவ்வொரு தண்டிடுக்கிலும் தூரிகையால் ஏற்றுங்கள். முழுக்கக் காய்ந்த தோலில் தூவினால் ஒட்டாமல் கொட்டுப்படும். வெண்காரம் தின்கிற சாமான் இல்லை. சமையல் பாத்திரத்தில் அளக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், தூள் மூக்குக்குள் போகாமல் முகக்கவசம் போடுங்கள்.

மஞ்சள் தூளைப் பூசுவது நல்ல நோக்கத்தோடு செய்கிற கெடுதல். நிறம் இறகில் ஏறிவிடும், கொழுப்புக்கும் அது ஒன்றும் செய்யாது. வயல் பூச்சிமருந்தைத் தெளிக்கிற யோசனையை அடியோடு விடுங்கள். வீட்டுக்குள் ஆண்டுக் கணக்காகத் தொங்கப் போகிற சாமான் இது.

விரிப்பு

ரெஜிபோம் பலகை ஒன்று, மூன்றடிக்கு இரண்டரை அடி, ஒரு அங்குலத் தடிப்பு. பறவை வாலைத் தூக்கி ஆடும்போது முன்னால் நிற்பவருக்குத் தெரிகிற முதுகுப் பக்கம்தான் காட்சிப் பக்கம், அது மேலே இருக்கட்டும். நடு இரண்டு இறகுகளையும் நேர் மேலே நிறுத்தி முதலில் குத்துங்கள். பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று சோடி சோடியாக வெளியே போங்கள். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மற்றப் பக்கம் போனால் விசிறி கோணும், கண்ணுக்கு அது காய்ந்த பிறகுதான் தெரியும்.

குண்டூசியைத் தண்டுக்குள் ஏற்றக்கூடாது. தண்டின் இரு பக்கமும் சாய்த்துக் குத்தி இடுக்கிப் பிடிக்க வேண்டும். துளைபட்ட தண்டு காய்ந்ததும் அந்த இடத்தில் பிளக்கும். கடைசி இறகுகள் இரண்டும் ஒரே கிடைக்கோட்டில் வந்தால் அரைவட்டம் சரி. அதற்கு மேல் இழுத்தால் இடையில் சந்து விழும், சவ்வும் கிழியும். மேலே கிடக்கிற சிறிய மூடிறகுகளை மறந்துவிடாதீர்கள். அவற்றை விரலால் நிரையாக்கி, இரண்டு விரல் அகலக் கடதாசிப் பட்டியைக் குறுக்கே வைத்து, பட்டியின் இரு முனையையும் குண்டூசியால் பிடியுங்கள்.

வெயில் படாத, மின்விசிறி ஓடுகிற அறையில் மேசைமேல் கிடத்தி, மேலே பழைய நுளம்புவலைத் துண்டைப் போடுங்கள். மேசைக்கால் நாலையும் தண்ணி ஊற்றின சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் புகை மினுக்கத்தைத் தின்றுவிடும். பங்குனி, சித்திரை வெக்கையில் மூன்று கிழமை, மார்கழி, தையில் ஐந்து கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாட்காட்டியைவிடத் தராசு நம்பகமானது. மூன்றாம் கிழமை தொடங்கி பலகையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து நிறை மாறவில்லையென்றால் காய்ந்துவிட்டது. அடியை நகத்தால் தட்டினால் எலும்பைத் தட்டின சத்தம் வரும்.

மாட்டுதல்

9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை போதும். சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டினது கொழுப்புப் பிசுக்கில் பிடிக்காது, பிடித்தாலும் தனியே பாரம் தாங்காது. இரண்டு குழாய்களில் வருகிற எப்பொக்சியைக் கலந்து அடிக்குப் பூசி, மேலே ஒரு சிறு மரத்துண்டை வைத்து, பலகையின் பின்னாலிருந்து இரண்டு திருகாணிகளால் நெரியுங்கள். திருகாணி இறகுத் தண்டுகளுக்கு வெளியே, இரு ஓரத்திலும் வர வேண்டும். மூடுதுண்டுக்குப் பனஞ்சிராம்பு வடிவான தெரிவு, கருப்புக் கோடுகள் வெண்கல நிறத்தோடு பொருந்தும். ஆனால் துளைபோடாமல் திருகாணி ஏற்றினால் பனை பிளக்கும்.

பின்னால் நடுவில் ஒரு கொக்கி போட்டால் விசிறி காற்றுக்குச் சாயும், இரண்டு போடுங்கள். நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மாரியில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் கக்கும். வாடைக்காற்றும் சாரலும் நேரே அடிக்கிற வடகிழக்குச் சுவர் வேண்டாம். சாமி விளக்குக்கு மேலேயும் வேண்டாம், கற்பூரக் கரி படியும்.

மாதம் ஒருமுறை மெத்தென்ற தூரிகையால் அடியிலிருந்து நுனிக்குத் தூசு தட்டுங்கள். சுவரடியில் மாவு போலத் துகளோ, இறகில் அரித்த ஓட்டையோ தெரிந்தால் அந்துப்பூச்சியோ வண்டோ வந்துவிட்டது. விசிறியைப் பலகையோடு பெரிய பொலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டி, −18 பாகை உறைபெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வீட்டுக் குளிரூட்டியில் கொள்ளாது, படுக்கைவாட்டு உறைபெட்டி உள்ள கடையில் கேட்க வேண்டிவரும். வெளியே எடுத்தவுடன் பையை அவிழ்க்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடந்தால் வேர்க்கிற தண்ணி பையின் வெளிப்பக்கம் நிற்கும், இறகில் படாது.