தானாக ரீஸ்டார்ட் ஆகும் கேமிங் கணினி: பழுதைவிட அதிகச் செலவு வைக்கும் தவறுகள்

விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்து, மதர்போர்டின் லோகோ வந்து நிற்கும். சொந்தமாகக் கணினி கட்டியவர்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. எனக்கு இந்த வேலை தெரியும் என்பதால் புதிதாகக் கட்டியவர்கள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கணினியோடு சேர்த்து, எங்கள் காலத்தில் எல்லோரும் செய்து முடித்த அதே தவறுகளையும் கொண்டுவருகிறார்கள்.

கூலரின் அடியில் பிளாஸ்டிக் உறையை உரிக்காதது, தூசி அடைத்த விசிறி போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தவிர, சூடு தாங்காத பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் பெரும்பாலும் அணைந்தே போகும். விழுந்த நொடியிலேயே எழுந்து நிற்கும் கணினியில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டை அல்ல.

41 என்ற எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதுவது

விண்டோஸ் தனக்கு நேர்ந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு சிவப்புக் குறியோடு நிற்கும். பெயரில் பவர் இருக்கிறதே என்று பழியைப் பவர் சப்ளையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். கணினி மறுபடி எழுந்த பிறகு எழுதப்படும் பதிவு அது. ‘போன முறை விண்டோஸ் முறையாக மூடப்படவில்லை’ என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. மின்சாரம் போனாலும் வரும்; விண்டோஸ் பெரும்பிழையால் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரை விழுந்தாலும் வரும்; நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் வரும்.

பார்க்க வேண்டியது, அதே பதிவின் விவரங்களுக்குள் இருக்கும் பக்செக்கோட் என்ற வரியை. அங்கே 0 இருந்தால், எதையும் குறித்துவைக்க விண்டோஸுக்கு அவகாசமே கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் பொருள். மின் வழங்கல், கேபிள்கள் என்ற திசையில் தேடலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. உங்கள் கண்ணில் படுவதற்குள் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. தோல்வி நேர்ந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை விண்டோஸ் இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும். ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் அதை அணைத்தால், அடுத்த முறை நீலத்திரை நின்று பேசும்.

பவர் சப்ளையை மாற்றிவிட்டு, பழைய கேபிள்களை விட்டுவைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத தவறு இது.

கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையில் கேபிளின் இரு முனைகளும் ஒன்றல்ல. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிரைவ் ஆகியவற்றில் செருகும் முனைக்குப் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளையில் செருகும் முனைக்கு அப்படி எதுவும் இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட், எது எர்த் என்பதைத் தயாரிப்பாளர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட அது மாறும். ஆனால் பிளாஸ்டிக் வடிவம் மட்டும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கும். கேபிள் பொருந்தும், ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

பழைய கேபிளை ஏன் விட்டுவைக்கிறார்கள் என்பதும் புரிகிறது. பின்பக்கத் தகட்டுக்குள் இழுத்து, வளைத்து, பட்டை போட்டுக் கட்டிய அழகைக் கலைக்க மனம் வருவதில்லை. புதிய பவர் சப்ளையோடு வந்த கேபிள்கள் பை பிரிக்காமல் பெட்டியிலேயே கிடக்கும். டிரைவின் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் போய் ஏறும்.

ஓர் இளைஞன் அப்படித்தான் வந்தான். ரீஸ்டார்ட் ஆகிறது என்று பவர் சப்ளையை மாற்றியிருக்கிறான். அதன் பிறகு டிரைவ்கள் எதுவும் தெரியவில்லையாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். சர்க்யூட் பலகையில், மின் இணைப்புக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு பாகம் வெடித்து, சுற்றிலும் பழுப்பாகப் படிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை.

“கேபிள் சரியாகத்தானே அண்ணா பொருந்தியது?” என்றான்.

“பொருந்தும் தம்பி. அதுதான் ஆபத்து” என்றேன்.

சில ஹார்டு டிஸ்க்குகளில் பாதுகாப்புக்கென ஒரு டையோடு இருக்கும். அது தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தால், கைதேர்ந்தவர் தகவல்களை மீட்டுவிடலாம். அவனுடைய ஹார்டு டிஸ்க்கில் அந்த அதிர்ஷ்டம் இருந்தது. எஸ்எஸ்டியில் இல்லை. படிப்பு சம்பந்தப்பட்ட கோப்புகள் அதில்தான் இருந்தன.

இதில் கொடுமை என்னவென்றால், பழைய பவர் சப்ளையில் எந்தக் குறையும் இல்லை. மாற்றுவதற்கு முன் அவன் கைபேசியில் எடுத்துவைத்திருந்த ஈவென்ட் வியூவர் படத்தைக் காட்டச் சொன்னேன். பக்செக்கோட் 26 என்று இருந்தது. அது நினைவக மேலாண்மைப் பிழை. ராமின் வேகத்தைப் பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில், குறைத்ததும் ரீஸ்டார்ட் நின்றுவிட்டது. ஒரு வரியைப் படித்திருந்தால் ஒரு பவர் சப்ளையும் ஓர் எஸ்எஸ்டியும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே பவர் சப்ளை மாறினால் எல்லாக் கேபிள்களும் மாற வேண்டும். தனியாக விற்கும் வண்ணக் கேபிள்களுக்கும் இதே விதி: உங்கள் மாடலின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பழைய பவர் சப்ளையை விற்றாலோ கொடுத்தாலோ அதன் கேபிள்களையும் சேர்த்தே அனுப்புங்கள். மாடல் பெயர் எழுதாத கேபிள் மூட்டையை வீட்டில் வைத்திருப்பவர்கள், அடுத்த விபத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே கேபிளின் இரண்டு தலைகளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுவது

எட்டு முள் இணைப்பு ஒன்றுக்கு 150 வாட் என்பது கணக்கு. அதிக மின்சாரம் இழுக்கும் கார்டுக்கு இரண்டு இணைப்பு தேவையென்றால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்கள் போகட்டும்.

வாட் கூட்டல் மட்டும் போதாது. ஆர்டிஎக்ஸ் 3090 போன்ற 350 வாட் கார்டு, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுத்து இறங்கும். அந்த எகிறலைக் கோளாறு என்று எண்ணிப் பவர் சப்ளை தன்னை நிறுத்திக்கொள்ளலாம். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, பவர் சப்ளை தன் திறனைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ நொடிகள் தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். பெட்டியில் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அளக்கிறது. இந்தத் தாங்குதிறனை அல்ல.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி விளையாடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றால் மின் வழங்கலின் மேல் சந்தேகப்படக் காரணம் கிடைத்துவிட்டது. கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

விண்டோஸை மறுபடி நிறுவுவது

கடைசியில் செய்யுங்கள்.

எக்ஸ்எம்பியை ‘இயல்பான வேகம்’ என்று நம்புவது

6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ராம், பயாஸில் எதையும் தொடாவிட்டால் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். அச்சிட்ட வேகத்துக்கு ராமை ஏற்றும் பயாஸ் அமைப்புகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டுமே ஓவர்கிளாக் வகைதான், அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்டுவதுதான். ராம் அந்த வேகத்துக்குத் தகுதியானதாக இருந்தாலும், பிராசஸரும் மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். நான்கு குச்சிகள் செருகியிருந்தால் இன்னும் கடினம். முதலில் அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். சிக்கல் தீர்ந்தால், வேகத்தை ஒரு படி குறைத்து வைத்தோ பயாஸைப் புதுப்பித்தோ பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான்.

சும்மா இருக்கும்போது விழும் கணினிக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வைப்பது

உலாவியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் ரீஸ்டார்ட் ஆகிறது. சுமை ஏற்றினால் மணிக்கணக்கில் அசையாமல் ஓடுகிறது. ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் உள்ள கணினிகளில் இது அடிக்கடி வரும் புகார். பிராசஸரின் மின்னழுத்தத்தை மாற்ற உதவும் கர்வ் ஆப்டிமைசரில் அதை அளவுக்கு மீறிக் குறைத்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சுமை குறைவாக இருக்கும்போது ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்த நேரத்தில் மின்னழுத்தம் போதாது. ஈவென்ட் வியூவரில் ‘வியா லாகர் 18’ என்ற வன்பொருள் பிழைப் பதிவு இருந்தால் கர்வை முழுமையாக நீக்கிவிட்டுப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால், பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றிப் பார்க்கலாம்.

ரீசெட் பட்டனை மறப்பது

கேபினெட்டின் ரீசெட் கம்பியை மதர்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சிக்கிக்கொண்ட பட்டனும் ரீஸ்டார்ட் செய்யும்.

ஒரே நாளில் நான்கை மாற்றுவது

சரியானாலும் எதனால் என்று தெரியாது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் பழைய பயாஸோடு ஓட்டுவது

இந்தத் தலைமுறைகளின் உயர்நிலை டெஸ்க்டாப் பிராசஸர்களில், அளவு மீறிய மின்னழுத்தம் சில்லையே மெல்ல அரித்த சிக்கல் 2024-ல் பகிரங்கமானது. காட்சிகளை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தொகுக்கும் நேரத்தில் விளையாட்டு விழும். கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தாலும் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று செய்தி வரும். அதை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் பயாஸ் புதுப்பிப்புகளோடு வந்த மைக்ரோகோட் (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்கள் மேற்கொண்டு சேதம் வராமல் காக்கத்தான். ஏற்கெனவே தேய்ந்த சில்லை அவை சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்திருக்கிறது. பயாஸைப் புதுப்பித்து, எல்லா அமைப்புகளையும் இயல்புநிலைக்குக் கொண்டுவந்த பிறகும் கணினி விழுந்தால், வேறு எதையும் வாங்காமல் அந்த வாரன்டியைக் கேளுங்கள்.