மார்பகக் கட்டியைக் கத்திக்குக் கொடுப்பதற்கு முன்

மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மறுவாரமே பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்ந்து கட்டியை எடுத்துவிடுகிறார்கள். முதல் தவறைப் பற்றி, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் ஆண்டுதோறும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்ன கட்டி என்று தெரியாமலே அறுப்பது பெரும் தவறு. புற்றுநோய்க் கட்டி என்றால், சுற்றியுள்ள நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வரும்படி, விளிம்பில் நோய் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும். அக்குளில் உள்ள நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) சோதிக்க வேண்டும். சிலருக்குக் கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையை முதலில் கொடுத்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை செய்வதே நல்லது. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டால் இந்த வழிகள் அடைபட்டுப் போகின்றன. இரண்டாவது அறுவை தேவைப்படும். மார்பகத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பெண்ணுக்கு அதை முழுவதுமாக எடுக்கும் நிலைகூட வரலாம்.

மருத்துவர் கையால் பரிசோதிப்பது, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அல்லது ஸ்கேன், ஊசி வழியே எடுக்கும் சதைப் பரிசோதனை (பயாப்சி): இந்த மூன்றும் இந்த வரிசையில் நடக்க வேண்டும். மூன்றாவதற்கு மயக்க மருந்துகூட வேண்டியதில்லை. அந்த இடத்தை மரக்கச் செய்தால் போதும். “எடுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும், “பயாப்சி முடிவு என்ன?” என்று கேளுங்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது.

எடுத்த சதைக்கு என்ன ஆயிற்று என்பதையும் கேட்க வேண்டும். அதை உடனடியாக, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சலைன் நீரில் போட்டு வைத்தாலோ, பரிசோதனைக்கே அனுப்பாமல் விட்டாலோ கட்டியின் தன்மையைக் காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்று சோதனைகளையும் செய்யவோ நம்பவோ முடியாமல் போகும். ஹார்மோன் மாத்திரை பயன்படுமா, டிராஸ்டுசுமாப் ஊசி வேண்டுமா என்பதை முடிவு செய்வதே இந்தச் சோதனைகள்தான். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது தாளில் உள்ள அறிக்கையோடு, மெழுகில் பதித்த சதைத் துண்டையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

இனி தாமதம். வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று இருப்பது தவறு. தொடக்கநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. பால் கொடுக்கும் தாய்க்குக் கட்டி வந்தால் ‘பால் கட்டியிருக்கிறது’ என்று ஒத்தடம் கொடுப்போம். இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இளம் பெண்களுக்கு மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளக்கூடும். கைக்குத் தெரியும் கட்டியை மேமோகிராம் காட்டவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற ஆறுதலும் உதவாது. இந்நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. கட்டிகளில் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல என்பதும் உண்மை. சோதித்துத் தெரிந்துகொண்டால்தான் அந்த நிம்மதியும் கிடைக்கும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை உண்டு. செவிலியர் அழைத்தால் கூச்சப்பட்டு மறுக்காதீர்கள்.

புற்றுநோய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். அங்கே போவதில் தவறில்லை. பயணச் செலவும் விடுப்பும் கட்டுப்படியாகாமல் சிகிச்சையைப் பாதியில் விடுவதுதான் ஆபத்து. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கீமோ ஏற்றுகிறார்கள். சிகிச்சைத் திட்டத்தைப் பெரிய மருத்துவமனையில் எழுதி வாங்கி, ஊருக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை எடுக்கும் வேலையைச் சோதனைகள் நடக்கும்போதே தொடங்கிவிடலாம்.

கீமோ இரண்டு மூன்று முறை ஏறியதும் கட்டி கைக்குத் தெரியாமல் போகலாம். குணமாகிவிட்டது என்று நின்றுவிடுபவர்கள் உண்டு. கைக்குத் தெரியாத நோய் உள்ளே இருக்கக்கூடும். இன்னொன்று, கீமோ காலத்தில் வரும் காய்ச்சல். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். பாரசிட்டமால் போட்டுக் காலை வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். கீமோ அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, அங்குள்ள மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

நோயின் பெயரை நோயுள்ள பெண்ணிடமே மறைக்கும் வழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கணவரும் அண்ணனும் மருத்துவர் அறைக்குள் பேசுகிறார்கள். அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்ன நோய் என்று தெரியாதவர் ஐந்து ஆண்டுகள், சில சமயம் பத்து ஆண்டுகள், தினமும் டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையை எதற்காக விழுங்குவார்? அக்குள் நெறிகளை எடுத்த பக்கத்துக் கையில் வீக்கம் தொடங்கினால் அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை அறைக்குள் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.