காளான் பைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் தோட்டம் போட இடமிருக்காது; நாலு காளான் பை வைக்க மூலை கிடைக்கும். ரப்பர் மரத்தூளும் தவிடும் அடைத்த சாம்பல் சிப்பிக் காளான் பையை வாங்குங்கள். நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும் ரகம் அது.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காளானில் பச்சையம் கிடையாது. சாப்பாடு மரத்தூளிலிருந்து வருகிறது. வெளிச்சம் அதற்கு வெறும் சைகைதான்.

1. பைக்குள் வெள்ளை இழை பரவும்வரை வெளிச்சமே தேவையில்லை. அதற்காகக் கறுப்புத் துணி போட்டு மூடவும் வேண்டாம். வெயில் படாத இடம் போதும்.

2. பை முழுக்க வெளுத்ததும் வாயைத் திறந்து வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். மொட்டு விடத் தூண்டுவது முக்கியமாக நீல ஒளி. விளக்குப் போடாமல் நாளிதழின் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த இடம் சரி. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் சொன்னால் 500 முதல் 1000. இங்கே பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் ஜன்னலோரமே போதும். இருட்டறை என்றால் 6500 கெல்வின் (நீலச் சாயலுள்ள வெள்ளை ஒளி) எல்இடி பல்பை 8 முதல் 12 மணி நேரம் எரியவிடுங்கள். செடிகளுக்கு விற்கும் ஊதா விளக்கு வீண் செலவு.

3. நேர் வெயில் கூடவே கூடாது. மேற்குப் பார்த்த பால்கனியில் பிற்பகல் வெயில் மொட்டைக் கருக்கிவிடும்.

4. இனி காளானின் உருவத்தைக் கவனியுங்கள். தண்டு நீண்டு குடை சிறுத்திருந்தால் வெளிச்சம் போதவில்லை, அல்லது காற்றோட்டம் இல்லை. இரண்டுக்கும் ஒரே அறிகுறி. பொடி எழுத்துச் சோதனையில் இடம் தேறியிருந்தால் குற்றம் காற்றில்தான். கரியமிலவாயு தேங்கியிருக்கும், ஜன்னலைத் திறங்கள். ஸ்டீம்போட்டில் போடும் எனோக்கிக் காளானின் நீளத் தண்டு இப்படி வேண்டுமென்றே வளர்ப்பதுதான். நிறத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். சூடு கூடினாலும் குடை வெளுக்கும்.

மொட்டுக் காளானுக்கு (பட்டன் காளான்) வெளிச்சம் தேவையில்லை. அதை வளர்ப்பவர் காணொளியைப் பார்த்துவிட்டுச் சிப்பிக் காளானை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள்.

பறித்தபின் மட்டும் வெயில் நல்லது. குடையின் அடியிலுள்ள மடிப்புகள் மேலே பார்க்க, நண்பகலை ஒட்டி அரை மணி நேரம் வைத்தால் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 உண்டாகும். அப்புறம் பெரட்டல் செய்யலாம்.