மலை ஏரியில் இறங்கும் முன்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் போகிறீர்களா? ஜூலை வெயிலை நம்பி வாஸ்ட்வாட்டர் ஏரியில் தொபுக்கென்று குதித்துவிடாதீர்கள். அந்நாட்டிலேயே ஆழமான ஏரி அது. கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்பு பதறி, நம்மை அறியாமலே வாய் பிளந்து மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. அதனால் மெல்ல நடந்தே இறங்குங்கள். மூச்சு சீராக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதுவரை மார்பளவோடு நில்லுங்கள். தவறி விழுந்தால் நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதந்தாலே போதும். அப்புறம், தனியாக வேண்டாம். இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை இருக்கட்டும்.

கரையேறிய பிறகுதான் நடுக்கமே கூடும், உடல் வெப்பம் இன்னும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். ஈரத்துணியைக் களைந்து, கம்பளித் தொப்பி உட்பட எல்லாம் மாட்டிக்கொண்டு சூடாக டீ குடியுங்கள். உடனே வெந்நீரில் குளிக்க வேண்டாம், மயக்கம் வரலாம்.